சோற்றுக்காகத்தான் வந்ததா? ஒரு பூனையை இழந்த அம்மாவுக்காக

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 68 வயது. அப்பா போன பிறகு ஊரில் தனியாக இருக்கிறார். கூட இருந்தது செவலை என்ற பூனைதான். கண் திறந்து சில நாளே ஆன குட்டியாக மழையில் நனைந்து கிடந்ததை எடுத்து வளர்த்தார். 13 வருடம் இருந்தது. போன மாதம் சிறுநீரகம் கெட்டு இறந்துவிட்டது. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, பின்கட்டுப் பக்கமே போவதில்லை. சொந்தக்காரர்கள், "போயும் போயும் ஒரு பூனைக்கா இப்படி? அது என்ன நாய் மாதிரி நன்றி உள்ளதா? மடியில்கூட அதிகம் உட்காராது. வெளியே போய்விட்டு வந்தால் ஒரு தடவை காலில் உரசிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடும். சோறு போட்டதால் இருந்தது" என்கிறார்கள். நேற்று அம்மா என்னிடம், "நிஜமாவே அது சோத்துக்காகத்தான் வந்துச்சாடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வேறு ஒரு குட்டி வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்:

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செவலை முதல் நாள் கத்தியது சோற்றுக்காகத்தான். 13 வருடம் அந்த வீட்டில் இருந்தது சோற்றுக்காக மட்டும் இல்லை. அம்மாவின் மனது ஆறட்டும் என்று இதைச் சொல்லவில்லை, தெரிந்துதான் சொல்கிறேன்.

நான் 31 வருடம் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆரம்பத்தில் மாடு, ஆடு, கோழி என்றுதான் போனது. பூனையை யாரும் வைத்தியத்துக்குக் கொண்டுவர மாட்டார்கள். பிறகு ஒன்றிரண்டாக வர ஆரம்பித்தன. பழைய துண்டு சுற்றிக் கட்டைப்பையில், காய்கறிக் கூடையில், ஒருமுறை வாயைக் கட்டிய அரிசிச் சாக்கில். கொண்டுவந்தவர்களில் உங்கள் அம்மா வயதுப் பெண்கள் நிறையப் பேர். வந்ததும் "டாக்டர், சிரிக்காதீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். யார் யாரோ சிரித்துவிட்டுப் போயிருந்ததால்தான் அந்த வார்த்தை முதலில் வந்தது.

சரி, நன்றி விஷயத்துக்கு வருகிறேன். நாயை அளக்கும் படியால் பூனையை அளந்தால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். நாய் மனிதனோடு சேர்ந்து குறைந்தது 15,000 வருடம் ஆகிறது. வேட்டைக்கு, காவலுக்கு, மந்தைக்கு என்று நாம் அதை வேலைக்கு வைத்தோம். சொன்ன பேச்சு கேட்கிற நாயின் குட்டிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தோம். பூனையை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் மனிதர்கள் தானியம் விளைவித்துச் சேர்த்து வைத்தார்கள். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குக் காட்டுப்பூனை வந்தது. இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் பூனைகள் எல்லாம் அந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வம்சம்தான். 2007-ல் வந்த ஒரு மரபணு ஆய்வில் 979 பூனைகளைச் சோதித்துப் பார்த்து இதைச் சொன்னார்கள். மனிதரைக் கண்டு ஓடாத பூனை களஞ்சியத்தின் பக்கம் தங்கியது, ஓடுகிற பூனை காட்டிலேயே இருந்துவிட்டது. யாரும் கயிறு கட்டி இழுத்து வரவில்லை. கடன்பட்டு வந்தவரிடம்தானே நன்றியை எதிர்பார்க்கலாம்? பூனை தானாக வந்தது. போக நினைத்தால் எந்த மதிலும் அதற்கு உயரம் கிடையாது. அப்படிப்பட்ட பிராணி ஒன்று 13 வருடம் ஒரே வீட்டுக்கு, ஒரே ஆளிடம் திரும்பித் திரும்பி வந்தது என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது? நான் பாசம் என்றுதான் வைப்பேன்.

"போயும் போயும் ஒரு பூனைக்கா" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். சைப்ரஸ் தீவில் சில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் ஒரு பழைய ஊரைத் தோண்டினார்கள். சுமார் 9,500 வருடத்துக்கு முந்தைய ஒரு புதைகுழி கிடைத்தது. அதில் ஒரு மனிதரின் எலும்புக்கூடு இருந்தது. அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, அதற்கென்றே வெட்டிய சின்னக் குழியில், எட்டு மாதப் பூனை ஒன்றின் முழு எலும்புக்கூடு. நடுவில் ஒரு முழம்கூட இல்லை. சைப்ரஸ் நாலு பக்கமும் கடல், அங்கே இயற்கையாகப் பூனை கிடையாது. யாரோ அதன் முன்னோர்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். 2004-ல் இந்தச் செய்தி வந்தபோது நான் ஒரு கிராமத்து மருந்தகத்தில் இருந்தேன். அன்று முழுக்க அந்த 40 சென்டிமீட்டர்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தே இல்லாத காலத்தில், ஒருவரைப் புதைக்கும்போது பக்கத்தில் பூனையும் இருக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

எகிப்தில் துக்கத்தை முகத்திலேயே காட்டினார்கள். ஒரு வீட்டில் பூனை இறந்தால் அந்த வீட்டார் எல்லாரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். புருவம் இல்லாத முகத்தைத் தெருவில் பார்த்தாலே, இந்த வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். விசாரிப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஊரில் பூனைக்கு நல்ல பெயர் கிடைத்ததே இல்லை, உண்மைதான். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். பொய்த் தவத்துக்கு அடையாளமாக அதைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். பழமொழியில் வரும் பூனையும் திருட்டுப் பூனைதான். ஆனால் இதே தமிழ் மண்ணில்தான் தென்கலை வைணவர்கள் கடவுளுக்கும் பக்தனுக்கும் உள்ள உறவைச் சொல்ல வேறு ஒன்றும் தேடாமல் பூனையை எடுத்துக்கொண்டார்கள். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். மார்ஜார நியாயம் என்று இதற்குப் பெயர். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வும்போது பார்த்திருக்கிறீர்களா? குட்டி கால்களை மடக்கி, உடம்பைத் தளர்த்தி, துணிமூட்டை மாதிரி தொங்கும். துள்ளினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. அந்தத் தளர்ச்சியை யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம், இஸ்லாமியர் வீடுகளில் பூனைக்கு இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகாது, அது உங்களைச் சுற்றி வருவது என்று நபிமொழி இருக்கிறது. நபித்தோழர் ஒருவருக்கு அபூஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை, என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இனி செவலையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு வருகிறேன். உங்கள் சொந்தக்காரர்கள் பாசம் இல்லாததற்குச் சாட்சியாகச் சொன்னதெல்லாம் எனக்கு நேர் எதிராகத்தான் தெரிகிறது.

முதலில் அது கத்திய கத்தல். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' சொல்லிக்கொள்வது அரிது. சீறும், உறுமும், இணை தேடும்போது ராத்திரியில் கத்தும். 'மியாவ்' என்பது குட்டி தாயைக் கூப்பிடும் குரல். காட்டுப்பூனைக்கு வளர்ந்ததும் அந்தக் குரலால் பெரிய வேலை இருக்காது. வீட்டுப்பூனை மட்டும் அதை ஆயுசு முழுக்க வைத்துக்கொள்கிறது, அதுவும் நம்மிடம் பேச. எந்தக் குரலுக்கு நாம் திரும்பிப் பார்க்கிறோம், எதற்குக் கதவைத் திறக்கிறோம், எதற்குச் சட்டியை எடுக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பூனையும் தன் வீட்டுக்கென்று சில குரல்களை வைத்துக்கொள்ளும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பசிக்கு ஒரு குரல், கதவுக்கு ஒரு குரல், மழை வந்தால் ஒரு குரல் என்று பிரித்துச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் ஒரே மியாவ்தான். அது செவலையும் அம்மாவும் 13 வருடமாகச் சேர்ந்து உண்டாக்கிய பாஷை. பேசியவர் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். அம்மாவுக்கு இப்போது தெரிந்த அந்தப் பாஷையை இனிமேல் உலகத்தில் யாரிடமும் பேச முடியாது. அவர் எதை இழந்தார் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அதன் குர்குர் சத்தத்திலும் ஒரு விஷயம் உண்டு. இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மக்கோம்ப் என்பவரும் அவர் குழுவினரும் 2009-ல் இதை ஆராய்ந்தார்கள். காலையில் சாப்பாடு கேட்கும் பூனை எழுப்பும் குர்குர் சத்தத்துக்குள், அழுகை மாதிரி ஒரு மெல்லிய உயர்ந்த குரலும் கலந்திருக்கிறது. அது கைக்குழந்தை அழும் சுருதிக்குப் பக்கத்தில் இருக்கும். பூனையே வளர்க்காதவர்களுக்குக்கூட அதைக் கேட்டால் பொறுக்க முடியாமல் இருந்தது. இதைக் கேட்டுவிட்டு "பார்த்தீர்களா, ஏமாற்றுகிறது" என்பார்கள் சிலர். எனக்கு அப்படிப் படவில்லை. நம் மனதில் எந்த இடத்தைத் தொட்டால் எழுந்து வருவோம் என்று தெரிந்துகொள்ள, அது நம்மோடு எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்க வேண்டும்!

மடியில் அதிகம் உட்காராது என்கிறார்கள். எங்கே உட்காரும் என்று யாராவது கேட்டார்களா? என் வீட்டில் பொம்மி என்று ஒரு பூனை இருந்தது. என் மனைவி பின்வாசலில் அரிவாள்மனையைப் போட்டுச் சாளை மீன் ஆயும்போது பொம்மி ஒரு சாண் தள்ளி உட்காரும். முகம் தோட்டத்துப் பக்கம், முதுகு இவள் பக்கம். மீன் வாசனையில் மூக்கு நெளியும், காது மட்டும் பின்னால் திரும்பியிருக்கும். செதில் தெறித்து முதுகில் ஒட்டினாலும் நகராது. புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கோபித்துக்கொண்ட மாதிரி இருக்கும். பூனை வேட்டையாடும் பிராணி, அதோடு பெரிய மிருகங்களுக்கு இரையாகவும் கூடியது. நம்பாத ஆளுக்கு அது முதுகைக் காட்டாது. "நீ என் பின்னால் இருக்கிறாய், அந்தப் பக்கம் நான் பார்க்க வேண்டியதில்லை" என்பதுதான் அந்த முதுகுக்கு அர்த்தம். செவலையும் அம்மாவிடம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும், நிச்சயம். கேட்டுப் பாருங்கள்.

கண்ணை மூடுவதும் அப்படித்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாக நினைக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். பூனை உங்களைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறந்தால், பயமில்லை என்கிறது. 2020-ல் அதே சஸ்ஸெக்ஸ் குழு இதையும் சோதித்தது. மனிதர் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் பூனையும் பதிலுக்கு அப்படிச் செய்கிறது, அறிமுகமில்லாதவரிடம்கூட நெருங்கி வருகிறது. அம்மா இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார், ஆனால் செய்திருப்பார்.

"வெளியே போய்விட்டு வந்தால் ஒரு தடவை உரசிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடும்" என்ற வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019-ல் ஒரு சோதனை செய்தார்கள். பூனைக்குட்டியும் வளர்ப்பவரும் புது அறையில் இரண்டு நிமிடம். பிறகு வளர்ப்பவர் வெளியே போய்விடுவார், குட்டி தனியாக இரண்டு நிமிடம். அப்புறம் அவர் திரும்பி வருவார். கைக்குழந்தைகளுக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை இதே போன்ற முறையில்தான் பார்ப்பார்கள். திரும்பி வந்தவரை விடாமல் கட்டிக்கொண்டு பதறும் குழந்தைக்கு மனதில் உறுதி குறைவு. கிட்டவே வராமல் ஒதுங்கும் குழந்தைக்கும் குறைவுதான். வந்தவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நிம்மதியாகத் தன் விளையாட்டுக்குத் திரும்பும் குழந்தைதான் உறுதியான பிணைப்பில் இருக்கிறது. பூனைக்குட்டிகளில் 64 சதவீதம் அப்படித்தான் நடந்துகொண்டன, அதாவது மனிதக் குழந்தைகளின் அளவுக்கே. செவலை செய்ததும் அதுதானே? வந்தாயா, சரி, என்று ஒரு உரசல். அம்மா வந்துவிட்டார், இனி எல்லாம் சரியாக இருக்கும் என்று தெரிந்த பூனைதான் தன் இடத்துக்குப் போய்ப் படுக்கும்.

உரசும்போது வால் செங்குத்தாக நின்றிருக்கும், கவனித்திருப்பார். குட்டி தன் தாயிடம் வரும்போது வாலை அப்படித் தூக்கும். கன்னத்திலும் நெற்றியோரத்திலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. காலில் உரசும்போது தன் வாசனையை நம்மேல் பூசி, நம் வாசனையைத் தானும் வாங்கிக்கொள்கிறது. ஒரே குடும்பத்துப் பூனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே வாசனை. எப்போதாவது மடிக்கு வந்தபோது முன்னங்கால் இரண்டாலும் புடவையை மாவு பிசைவதுபோல் மாற்றி மாற்றி அமுக்கியிருந்தால், அது பால் குடிக்கும் காலத்தில் தாயின் வயிற்றை அமுக்கிய அதே அசைவு.

இதெல்லாம் எல்லாப் பூனைக்கும் வருவதில்லை. பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் பூனைக்குட்டியின் மனது மனிதருக்குத் திறந்திருக்கும் காலம். அதற்குள் மனிதக் கை படாத குட்டி பெரும்பாலும் ஆயுசுக்கும் விலகியே நிற்கும். கண் திறந்து சில நாளே ஆன குட்டி என்றால் இரண்டு வாரம் இருக்கும், மூன்று இருக்கும். சரியாக அந்த வாசல் திறந்த நேரத்தில் அம்மா கையில் எடுத்திருக்கிறார். தாய் நக்கித் துடைக்க வேண்டிய உடம்பை அவர் துணியால் துடைத்திருப்பார். செவலையைப் பொறுத்தவரை, அதற்கு நினைவு தெரிந்த தாய் அவர்தான்.

ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்பவர் செய்த ஆய்வுகளும் உண்டு. பூனை தன்னை வளர்ப்பவரின் குரலை அந்நியர் குரலிலிருந்து பிரித்தறிகிறது (2013), தன் பெயரையும் மற்ற சொற்களிலிருந்து பிரித்தறிகிறது (2019). காதைத் திருப்பும், தலையைத் திருப்பும். எழுந்து வருமா என்பது அதன் இஷ்டம். அம்மா கூப்பிட்டபோது வராமல் காதை மட்டும் திருப்பிய நாட்களிலும் அது அவரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அம்மா இன்னும் ஒன்றை வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். "முன்னாலேயே கவனித்திருந்தால் பிழைத்திருக்குமோ?" சிறுநீரகத்தில் பூனையைப் பறிகொடுத்தவர் யாரும் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. என் பொம்மியும் அதே நோயில்தான் போனது. நான் கால்நடை மருத்துவன், ஒரே வீட்டில் இருந்தேன். ஒருநாள் என் மனைவி, "பொம்மி இப்பல்லாம் பாத்திரம் கழுவுற தொட்டிக்கிட்டயே நிக்குதுங்க, தண்ணியா குடிக்குது" என்றாள். சித்திரை வெயில், அதான் என்று சொல்லிவிட்டேன். ஆனியில் முதுகெலும்பு கையில் தட்டியது. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது முற்றிவிட்டிருந்தது. வயதான பூனைக்கு இது மிகச் சாதாரணமாக வரும் நோய். சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கெட்ட பிறகுதான் வெளியில் தெரியவே ஆரம்பிக்கும். அதுவரை மீதிப் பங்கு வேலையை இழுத்துக்கொண்டு போகும். பூனையோ வலியைக் காட்டாது. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் உயிர் போய்விடும் என்ற பழக்கம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. கடைசி நாட்களில்கூட கையை வைத்தால் குர்குர் என்று சத்தம் போடும். நோயிலும் வலியிலும் பூனை அந்தச் சத்தத்தை எழுப்பும், தன்னைத் தேற்றிக்கொள்வதற்காக இருக்கலாம். கேட்பவருக்கு நன்றாக இருக்கிற மாதிரிதான் தோன்றும். 31 வருடம் இதையே தொழிலாகச் செய்தவனுக்கே தெரியவில்லை. அம்மா தன்மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 13 வயது என்பது பூனைக்கு முதுமைதான். தெருவில் அந்த மழையோடு போயிருக்க வேண்டிய உயிர், 13 வருடம் வாழ்ந்திருக்கிறது.

துக்கத்துக்கு வருகிறேன். ஒருவர் இறந்தால் நம்மிடம் எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. வந்து உட்காருவார்கள், கையைப் பிடித்து அழுவார்கள், அடுப்பு மூட்ட விடாமல் பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும், பதினாறாம் நாள் வரும். ஒவ்வொன்றும் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்கும் படி. பூனைக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. கொல்லையில் குழி வெட்டி, உப்புப் போட்டு மூடிவிட்டு, மறுநாள் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். யாராவது கேட்டால் சிரித்துவேறு வைக்க வேண்டும். அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால், உரிமை மறுக்கப்பட்ட துக்கம். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் ஆறுவதற்கு அதிக நாள் ஆகும். வாய்விட்டு அழ முடியாத அழுகை உள்ளேயேதானே நிற்கும்?

உங்கள் அம்மாவுக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அப்பா போன பிறகு அந்த வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் அவரோடு இருந்த ஒரே உயிர் செவலை. காலையில் எழ ஒரு காரணம், மீன்காரர் ஹாரனுக்கு எழுந்து போக ஒரு காரணம், வெளியூர் போனால் சீக்கிரம் திரும்ப ஒரு காரணம். அப்பா காலத்து வீட்டை அறிந்த பூனையும்கூட. அது போனதும் அப்பாவின் துக்கமும் சேர்ந்து மறுபடி வந்திருக்கலாம். பின்கட்டுக்குப் போகாமல் இருப்பது எனக்குப் புரிகிறது. பொம்மி போன பிறகு மூன்று மாதம், ராத்திரி பத்து மணிக்குப் பின்கதவைத் தாழ் போடப் போனால் ஒரு விரல் அளவு திறந்தே வைத்துவிட்டு வருவேன். கை தானாக அப்படிச் செய்யும். என் மனைவி பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் தூங்கிய பிறகு போய்ச் சாத்திவிட்டு வருவாள்.

நீங்கள் செய்ய வேண்டியது ரொம்ப எளிது. போனில் "இன்னும் அதையே நினைச்சிட்டு இருக்கியா" என்று கேட்காதீர்கள். "செவலை மழை வந்தா எப்படிம்மா கத்தும்?" என்று கேளுங்கள். அவர் கத்திக் காட்டினால் கேளுங்கள். அழுதால் அழட்டும், வைத்துவிடாதீர்கள். முடிந்தால் இரண்டு நாள் லீவு போட்டுப் போய், அதைப் புதைத்த இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் ஒரு செடி வையுங்கள். துக்கம் விசாரிக்க ஒருவராவது வந்ததாக இருக்கும். சாப்பாடு குறைந்தது இன்னும் சில வாரம் நீடித்தால், எடை இறங்கினால், தூக்கம் கெட்டால், ஒரு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 68 வயதில் அதைத் தள்ளிப்போட வேண்டாம். அங்கேயும் காரணம் கேட்டால் பூனை என்றே சொல்லுங்கள்.

புதுக் குட்டியா? இப்போது வேண்டாம். முக்கியமாக, ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்து அதே நிறத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோகாதீர்கள். 2001 டிசம்பரில் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதல்முறையாக ஒரு பூனையை நகலெடுத்தார்கள். ரெயின்போ என்ற மூன்று நிறப் பூனையின் உயிரணுவிலிருந்து சிசி என்ற குட்டி பிறந்தது. மரபணு அப்படியே ரெயின்போவினுடையது. ஆனால் ரெயின்போவிடம் இருந்த செம்மஞ்சள் நிறம் சிசியிடம் துளியும் இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிப்போகும். நிறம் எப்படிப் பரவும் என்பது அந்த அடக்கத்தைப் பொறுத்தது. சிசி 18 வயது வரை நன்றாக வாழ்ந்தது, குட்டிகளும் போட்டது. ஆனால் அது சிசி, ரெயின்போ இல்லை. ஒரே மரபணுவிலிருந்தே அதே பூனை வரவில்லை என்றால், சந்தையில் தேடினால் எங்கே கிடைக்கும்?

என்றாவது அம்மாவே "ஒரு பூனை இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லுவார். அன்று யோசியுங்கள். அப்போதும் குட்டியைவிட, ஐந்தாறு வயதான, மனிதரோடு பழகிய நாட்டுப் பூனை நல்லது என்பது என் அபிப்பிராயம். குட்டி திரையில் ஏறும், காலுக்குள் ஓடும். வயதானவர் தடுக்கி விழ அது போதும். பெர்சியன் வேண்டாம். தினமும் முடி சீவ வேண்டும், தட்டை மூக்கால் மூச்சுக்கு வேறு சிரமப்படும். பூனை 15 வருடம்கூட இருக்கக்கூடியது, ஆகவே அம்மாவுக்கு முடியாமல் போனால் அதை யார் எடுத்துக்கொள்வது என்று நீங்கள் முன்னாலேயே முடிவு செய்து அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கவலை இருந்தால் அவர் ஆசைப்பட்டாலும் கேட்க மாட்டார். தடுப்பூசியும் கருத்தடையும் முதல் மாதமே முடிந்துவிட வேண்டும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது, அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும். நல்ல மனதோடு கொடுத்துவிட்டுக் கதறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதுவரை ஒன்று நடக்கலாம். மீன் வாங்கும் நாளில் அம்மா பழக்கத்தில் தலையையும் வாலையும் தனியாக எடுத்து, அந்தப் பழைய சட்டியில் போட்டுப் பின்வாசலில் வைப்பார். நீங்கள் அங்கே இருந்தால் எடுக்க வேண்டாம், எதற்கு என்றும் கேட்க வேண்டாம். வாசனைக்கு மதில் மேல் ஏதாவது ஒரு தெருப் பூனை வந்து நிற்கும். அம்மா உள்ளே இருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பார். சட்டி காலியானதும் அவரே எழுந்து போய்க் கழுவிக் கவிழ்ப்பார். அவர் பின்கட்டுக்குப் போகும் முதல் நாள் அதுவாகத்தான் இருக்கும்.